எர்த் கொடுக்காத பெட்டி

1

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தச் சம்பவத்தைப் பற்றி நான் ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு வாக்கியம். போன வருஷம், எங்கள் தேவாலயத்தின் பங்குப் பேரவை மினிட் நோட்டில்: ‘ஒலிபெருக்கி அமைப்பாளரின் கவனக்குறைவால் மின்கசிவு ஏற்பட்டது.’ ஊரில் கொஞ்சம் எழுதத் தெரிந்தவன் என்று பேனாவை என்னிடம் கொடுத்திருந்தார்கள். வாக்கியம் கச்சிதமாக அமைந்துவிட்டதாக உள்ளுக்குள் சந்தோஷப்பட்டதும் நினைவிருக்கிறது.

அது பொய் என்று பதினொரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

(ஊர் சின்னமனூருக்குப் பக்கம். பெயரை எழுதிவிட்டு அடித்துவிட்டேன்.)

2

‘வின்சென்ட் நல்ல மனிதன். அதனால்தான் அவன்—’

வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் அவனுக்கு வக்காலத்து வாங்குவதுபோல் ஆகிவிடும்.

வின்சென்ட் என்னோடு படித்தவன். பள்ளியில் இயற்பியல் வாத்தியார். நல்ல சத்தத்தின் மேல் அவனுக்குப் பைத்தியம். பெயர்போன வெளிநாட்டு ஆம்ப்ளிஃபயர் ஒன்றை இணையத்தில் பார்த்துப் பார்த்து ஏங்கினான். ஒரிஜினல் வாங்க வழியில்லை. ஆனால் அதே சர்க்யூட்டைக் காப்பியடித்த போர்டு தபாலில் கிடைக்கும். குளோன் என்பார்கள். பாகங்களைத் தனியாக வாங்கி நாமே பற்றவைத்துக்கொள்ள வேண்டும்.

செய்யலாமா வேண்டாமா என்று ஒரு மாதம் யோசித்தான். என்னென்ன ஆபத்து என்று பழைய விடைத்தாளின் பின்பக்கத்தில் எழுதினான். டிரான்சிஸ்டர் போலியாக இருக்கலாம், சூடேறி வெடிக்கலாம், ஏதாவது பிசகினால் ஸ்பீக்கர் கருகலாம். தாளை என்னிடமும் காட்டினான். எல்லா ஆபத்தும் சாமான்களுக்குத்தான். அதில் மனிதர் ஒருவர்கூட இல்லை. இப்போதுதான் அது எனக்குப் படுகிறது; அன்று ‘அடேயப்பா, எவ்வளவு யோசிச்சிருக்க’ என்று பாராட்டினேன்.

பெட்டி தயாரானது. சத்தம் அருமை. ஆனால் பாட்டு நின்றதும் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். எதை மாற்றியும் போகவில்லை. எர்த் ஒயரைக் கழற்றினால் போய்விடும் என்று யாரோ இணையத்தில் எழுதியிருந்தார்கள். கழற்றினான். போய்விட்டது.*

* பெட்டிக்குள் கரண்ட் கசிந்தால், தொடுகிற ஆள்மேல் பாயாமல் மண்ணுக்குள் இறக்கிவிடுவது எர்த் ஒயர். வின்சென்ட் இதை வருஷாவருஷம் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறான்.

3

திருவிழாவுக்குச் சவுண்ட் செட் போடுகிறவர் சுருளி. பதினான்கு வருஷமாக அவர்தான். அந்த வருஷம் பாடகர் குழுவுக்கு மட்டும் தன் பெட்டியை வைக்கலாம் என்று வின்சென்ட் எடுத்துவந்தான். பெருமையாக இருந்தது அவனுக்கு. சுருளி பெட்டியைச் சுற்றிப் பார்த்தார்.

“சார், கையில செஞ்சதா? எர்த் குடுத்திருக்கீகளா?”

“எல்லாம் இருக்கு சுருளி. நீ மைக்க மாட்டு.”

(இந்தக் கதையின் முதல் பிரதியில் இந்தக் கேள்வி கிடையாது. சுருளி எதுவும் கேட்காமலே மைக்கை மாட்டுவதாக எழுதியிருந்தேன். வின்சென்ட் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தான். பிறகு சொன்னான்: “கேட்டாருடா. அதையும் எழுது.”)

காலைப் பூசை. விடியலில் பெய்த மழையில் பந்தல் தரை நனைந்திருந்தது. முதல் பாட்டுக்குப் பாடகர் குழுவின் ஜெயமேரி மைக்கைப் பிடித்தாள். ரெண்டு வரி பாடியிருப்பாள். உடம்பு விறைத்தது. மைக் கையைவிட்டு வரவில்லை. அலறக்கூட முடியாமல் நின்றவளை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சுருளி பாய்ந்துபோய் பிளக்கைப் பிடுங்கினார். ஜெயமேரி சரிந்து விழுந்தாள்.

பிழைத்துக்கொண்டாள். உள்ளங்கை வெந்துபோய், வலது கையில் ரெண்டு விரல் இன்றைக்கும் சரியாக மடங்காது. அவளுக்குத் தையல் தொழில்.

“ஏலே, ஒன்ன நம்பித்தானடா விட்டோம்!” என்று யாரோ சுருளியின் சட்டையைப் பிடித்தார்கள். அடியும் விழுந்தது. வின்சென்ட் நாலடி தூரத்தில் நின்றிருந்தான். வாயைத் திறந்ததாகச் சொல்கிறான். சத்தம் வரவில்லையாம்.

அன்று மத்தியானம் வீட்டில் பெட்டியைத் திறந்தான். டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகிற ஒயரின் தோல் சூட்டில் உருகி, உள்ளிருந்த செம்பு, பெட்டியின் இரும்புச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. பார்த்தான். நாலு ஸ்க்ரூவையும் திரும்ப முடுக்கினான். பரண்மேல் ஏற்றிவிட்டான்.

4

எங்கள் கோயிலில் சுருளியை நிறுத்தினோம். பேச்சு பரவி மற்ற ஊர்களிலும் நிறுத்தினார்கள். செட்டை விற்றுவிட்டு, திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கப் போனார்.

இந்த வருஷம் யாரைக் கூப்பிடுவது என்று பேச்சு வந்தபோதுதான் வின்சென்ட் என் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னான்.

“எங்கிட்ட ஏன்டா சொல்ற?”

“ரெக்ஸு, நீதானடா அந்த மினிட் நோட்டுல எழுதுன.”

ரெண்டு பேரும் தோட்டத்துக்குப் போனோம். முதுகில் மருந்து டேங்கோடு திராட்சைப் பந்தலுக்கடியில் நின்றிருந்தார் சுருளி. வின்சென்ட் சொல்ல ஆரம்பித்தான். பாதியில் சுருளி கையைக் காட்டி நிறுத்தினார்.

“தெரியும் சார். ஒங்க பெட்டியக் கழட்டிட்டு எங்க லைன டெஸ்டர் வச்சுப் பாத்தேன். கசிவே இல்ல, சுத்தமா இருந்துச்சு.”

“அப்ப அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சுருளி?” என்றேன்.

“சொன்னேனே. அடி வாங்கிக்கிட்டேதான் சொன்னேன். வாத்தியாரு சொன்னா நம்புவாக. செட்டுக்காரன் சொன்னா?” வின்சென்ட் பக்கம் திரும்பினார். “நீங்க அங்கனதான சார் நின்னீக.”

மன்னித்துவிட்டேன் என்றோ, போய்த்தொலை என்றோ சுருளி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் முகத்துணியை ஏற்றிக் கட்டிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

5

முடிவுகள் சில வைத்திருக்கிறேன்.

நாளை ஞாயிறு. பூசை முடிந்து பேரவை கூடும். வின்சென்ட் எழுந்து எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்கிறான். இதைக் கண் கலங்கும்படி எழுத எனக்குத் தெரியும். அதனாலேயே பயமாக இருக்கிறது.

அல்லது, சுருளி மனம் இரங்கித் தானாகவே வருகிறார்— அடித்துவிட்டேன். வராத மனிதரை வரவழைத்தால் அவரைப் பற்றி நான் எழுதும் இரண்டாவது பொய் அது.

அல்லது வின்சென்ட் வாயே திறக்கவில்லை, நான் எழுந்துவிடுகிறேன். இதை எழுதும்போது பேனா தயங்கியது. அவன் எழட்டும் என்று காத்திருப்பதில் எனக்கும் ஒரு சௌகரியம் இருக்கிறது. “நீ எழுதிக் குடுத்துரு, நான் வாசிச்சிர்றேன்” என்று நேற்றுக் கேட்டான். மாட்டேன் என்றேன். சரியாகத்தான் சொன்னேனா, தப்பித்தேனா, தெரியவில்லை.

இன்று காலை நடந்ததைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். சின்னமனூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். தைத்த ஜாக்கெட்டுகளைப் பையில் எடுத்துக்கொண்டு ஜெயமேரி வந்தாள். இந்த வருஷம் செட்டு யாரு என்று கேட்டாள். இன்னும் முடிவாகவில்லை என்றேன்.

“சுருளியண்ணனையே கூப்பிடச் சொல்லுங்கண்ணே. ஈரத்துல செருப்பில்லாம நின்னது நாந்தான. பாவம், அவுக பொழப்பு என்னாலதான் போச்சு.”

எனக்கு நேரம் இருந்தது. பஸ் தூரத்தில், திருப்பத்தில்தான் தெரிந்தது. அது வந்து நின்று, அவள் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து தலையசைக்கும்வரை நான் சும்மா நின்றேன். போகவேண்டிய பஸ்ஸில் நானும் ஏறவில்லை.

நீங்கள் அங்கே நின்றிருந்தால் அவளிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்? கீழே ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். எழுதுங்கள்.

..............................................