ஆளுக்கு எட்டு

முதுநிலைப் பிரிவு அலுவலகத்தில் மூன்றாவது மேசையில் இருப்பவரை மாணவர்கள் கிரெடிட் அக்கா என்பார்கள். படிப்பை முடித்துப் போகிற எவரும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். நாற்பத்தெட்டு கிரெடிட் சேர்ந்ததா, கட்டாயப் பாடங்கள் முடிந்தனவா, ஆய்வறிக்கையில் மேற்பார்வையாளர் கையெழுத்து இருக்கிறதா என்று வரி வரியாகப் பென்சிலால் தட்டிக்கொண்டே வருவார். பென்சில் நின்றால் எதிரில் இருப்பவரின் மூச்சும் நின்றுவிடும்.

என் கோப்பில் அது கடைசி வரியில் நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவனின் கோப்பைத் திறந்தார். அங்கும் அதே வரி.

“ஏம்மா, கருத்தரங்கு வருகை உனக்கு எட்டு. தம்பி, உங்களுக்கும் எட்டு. ஆளுக்குப் பன்னிரண்டு வேணுமே?”

“அது ஜீரோ கிரெடிட்தானேக்கா?” என்றான் அவன்.

“ஜீரோதான். ஆனா கட்டாயம். உப்பு விலை கம்மின்னு உப்பில்லாம சாப்பிடுவீங்களா?”

“நாங்க மாத்தி மாத்தி வந்தோம். ஒரு வாரம் நான், ஒரு வாரம் இவ.”

கிரெடிட் அக்கா பென்சிலைக் கீழே வைத்தார். “வீட்டுக்கு ஒருத்தர் தலையக் காட்டினா போதும்னு இது என்ன துக்க வீடா?”

சொன்னபிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கு வரவில்லை.

முட்டாள்தனம்தான். ஆனால் அது ஒரே நாளில் வந்த முட்டாள்தனம் இல்லை. நாங்கள் இருவரும் இந்தப் படிப்பில் ஒன்றாகச் சேர்ந்தபோது மகளுக்கு ஐந்து மாதம். புதியவர்களுக்கான அறிமுகக் கூட்டத்துக்கு அவளையும் தூக்கிக்கொண்டு போனோம். மைக் கீச்சென்றது, அதைவிடப் பெரிதாக அவள் கீச்சிட்டாள். பட்டாசு என்று அவளுக்குப் பெயர் விழுந்தது அன்றுதான். அப்போதைய துறைத்தலைவர் நல்ல மனிதர். வாசல்வரை எங்களோடு வந்து, “பரவாயில்ல, வியாழக்கிழமைக் கருத்தரங்குக்கு உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் வந்தா போதும்” என்றார். அழுகிற குழந்தைக்காகச் சொன்ன ஆறுதல் அது. நாங்கள் அதை விதிமுறையாக எடுத்துக்கொண்டோம். அவர் அடுத்த ஆண்டே ஓய்வுபெற்றுப் போனார். அந்த வாக்கியம் எந்தக் கோப்பிலும் இல்லை.

அதோடு, வீட்டில் இருப்பவர் கருத்தரங்கைத் தவறவிட்டதாக எங்களுக்குத் தோன்றியதே இல்லை. போய் வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். ஈர நிலங்களைப் பற்றிப் பேசியவர் எப்படி மூக்கை உறிஞ்சினார், எந்தக் கேள்விக்கு மழுப்பினார் என்பதுவரை. குழந்தைக்கு ஊட்டிக்கொண்டே கேட்பேன். அவன் போன எட்டும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் வருகைப் பதிவேட்டுக்குக் காது கிடையாது.

“இந்த வாரம் கருத்தரங்கு இல்ல. அடுத்த வாரத்துலேருந்து இன்னும் நாலு வியாழன் இருக்கு” என்றார் அக்கா. “நாலுக்கும் வர்றவங்களுக்குப் பன்னிரண்டு ஆயிடும், இந்தப் பருவத்துலயே முடிச்சுச் சான்றிதழ் வாங்கலாம். இன்னொருத்தர் காலநீட்டிப்புக்கு எழுதிக் கொடுத்துட்டு அடுத்த வருஷம் பாத்துக்கணும். ரெண்டு பேருமே வந்துட்டீங்கன்னா ரொம்ப நல்லது.”

“குழந்தை இருக்காளேக்கா.”

“அதுக்கு விதிமுறைல இடமில்லம்மா” என்றார். குரல் தணிந்திருந்தது.

குழந்தைக் காப்பகம் ஐந்து மணிக்கு மூடும். கருத்தரங்கு ஐந்தரைக்குத் தொடங்கும். ஒருமுறை எதிர்வீட்டில் விட்டுப் பார்த்தோம். ஒரு மணி நேரத்தில் திரும்பியபோது பட்டாசு அழுதழுது வாந்தி எடுத்திருந்தாள். எதிர்வீட்டம்மாவும் கூட உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அதன்பின் அந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் தைரியமில்லை.

அலுவலகப் படியில் இறங்கும்போதே அவன் சொன்னான்: “நீ போ.”

“நீ போ” என்றேன் நானும்.

விருந்துக்கு வந்த இரண்டு பேர் கடைசி இனிப்புத் துண்டை ஒருவர் தட்டில் ஒருவர் வைப்பதுபோல அதையே பேருந்து நிறுத்தம்வரை சொல்லிக்கொண்டு போனோம்.

அவனுக்கு அது வேண்டும். பள்ளியில் மூன்று வருடமாகத் தற்காலிக ஆசிரியர். யார் வரவில்லையோ அவர்களுடைய வகுப்புக்குப் போவான். காலையில் கணக்கு, மதியம் ஓவியம். முதுநிலைச் சான்றிதழைக் காட்டினால் இந்த ஆண்டே நிரந்தரம் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார்.

எனக்கும் வேண்டும். என் ஆய்வறிக்கை மண்புழுக்களைப் பற்றியது. வீட்டில் அவன் என்னைக் கூப்பிடுவதே மண்புழு என்றுதான். அதைப் படித்த பேராசிரியை ஒருவர் தன் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஓர் இடம் வைத்திருந்தார். ஒரே இடம். பருவம் முடிந்து பத்து நாளுக்குள் நிறைவுச் சான்றிதழ் கொடுத்தால் எனக்கு. இல்லையென்றால் பட்டியலில் அடுத்திருக்கும் பெண்ணுக்கு.

அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் ஒரு சுடுசொல் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அவன் எனக்கு முன்னால் எழுந்து பாத்திரம் துலக்கினான். நான் அவன் சட்டைகளைத் தேய்த்து வைத்தேன். யாரோ ஒருவருக்கு விடைகொடுக்கப் போகிறவர்கள் மாதிரி இருந்தோம்.

ஒரு நாள் வெங்காயம் நறுக்கும்போது எனக்குள்ளே ஒன்றைக் கண்டுபிடித்தேன். அரிசி டப்பாவைத் திறந்ததும் உள்ளிருந்து எலி எட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. நான் ‘நீ போ’ என்று சொல்வது பொய் இல்லை. ஆனால் அவன் அதை ஏற்றுக்கொள்ள மாட்டான் என்று தெரிந்துதான் சொல்கிறேன். அவன் என்னைவிட ஒரு முறை அதிகமாகச் சொல்வான். கடைசியில் நான் தலைகுனிந்து, கண்ணில் நீரோடு, சரி என்பேன். இடமும் கிடைக்கும், நல்லவள் என்ற பெயரும் கிடைக்கும். எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்துவைத்திருந்தேன். எப்போது பார்த்தேன் என்பதுதான் தெரியவில்லை. ஒருவேளை பென்சில் நின்ற அந்த நொடியிலேயே.

வெங்காயத்துக்கு நன்றி. கண்ணைத் துடைத்ததற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் அத்தை தொலைபேசியில் வந்தார். அவனுடைய அம்மா. மாமாவுக்குப் பக்கவாதம், அவரை விட்டு அத்தையால் ஒரு நாள்கூட நகர முடியாது. வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியவில்லையே என்று முதலில் கொஞ்சம் புலம்பினார். பிறகு கேட்டார், “அவன் என்ன சொல்றான்?”

“என்னையே போகச் சொல்றாரு அத்தை. சிரிச்சுக்கிட்டேதான் சொல்றாரு.”

“சிரிக்கிறானா? அப்ப உள்ள அழுவுறான்னு அர்த்தம்.”

“என்ன அத்தை இப்படிச் சொல்றீங்க?”

“பெத்தவளுக்குத் தெரியாதா? சின்ன வயசுல தம்பிக்குப் பலகாரத்துல பெரிய துண்டா எடுத்துக் குடுத்துட்டு, எனக்குச் சின்னதுதான் பிடிக்கும்பான். கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருப்பான். அழக்கூட மாட்டான். சும்மா நிப்பான். நான் எத்தனையோ தடவ, எம்புள்ள எவ்வளவு நல்லவன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். அப்புறம் அவன் எப்படிடி எனக்கும் வேணும்னு கேப்பான்?”

போனை வைத்தேன். ஐந்து வருடமாக இவனோடு வாழ்கிறேன். எங்கள் வீட்டில் எந்தக் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறான் என்று ஒருநாளும் தேடியதில்லை. தேடினால், அவன் விட்டுக்கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்குமே.

ஞாயிறு காலை மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். பட்டாசு கிளிப் டப்பாவைக் கவிழ்த்துவிட்டு ஒவ்வொன்றாக என் புடவை நுனியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு வேணும்” என்றேன்.

“கிளிப்பா?”

“அந்த நாலு வியாழன். எனக்கு வேணும். நீ குடுத்து நான் வாங்கிக்கிறது மாதிரி இல்ல. நானே கேக்குறேன். ஆசையா இருக்கு. நீ ‘நீ போ’ன்னு சொல்லும்போதெல்லாம் உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டேன். அசிங்கமா இருந்துது.”

அவன் போர்வையின் ஒரு முனையைப் பிடித்தபடி நின்றான். போர்வை எங்களுக்கு நடுவில் இருந்தது, முகம் தெரியவில்லை.

“இப்ப நீ சொல்லு” என்றேன். “சிரிக்காம சொல்லு.”

“என்ன சொல்லணும்?”

“நெஜத்த.”

கீழே தெருவில் ஒரு வண்டி கிளம்ப மறுத்து இருமியது. பிறகு கிளம்பிப் போனது.

“எனக்கும் வேணும்” என்றான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை. “அந்த ஸ்கூல்ல எனக்குன்னு ஒரு நாற்காலி இல்லடி. யார் லீவோ அவங்க நாற்காலில உக்காருவேன். எல்லாரும் வந்துட்டா நூலகத்துல நிப்பேன். போன வாரம் ஒரு பொண்ணு கேக்குது, ‘சார், நீங்க என்ன சார்?’ கணக்கு சாரா, ஓவிய சாரான்னு கேக்குது. பதில் சொல்லத் தெரியல.”

போர்வையை விலக்கினேன். அவன் கண் சிவந்திருந்தது. ஆனால் ஒளியவில்லை, நின்றுகொண்டிருந்தான்.

“அப்ப நீ போ” என்றேன். வாயிலிருந்து வந்தபிறகுதான் தெரிந்தது, இதுதான் முதல் தடவை.

அவனுக்கும் தெரிந்தது. “ம்... இது நெஜம்” என்றான். “இவ்வளவு நாள் சொன்னதுல இது ஒண்ணுதான் நெஜம்.”

“போறியா?”

துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். மகள் அவன் மடியில் ஏறி அவன் காதில் ஒரு கிளிப்பை மாட்டினாள். “ஐயோ, பட்டாசு!” என்று அதை எடுத்துத் தன் சட்டையில் மாட்டிக்கொண்டான். பிறகு மெதுவாகப் பேசினான். “என்னோடது ஒரு வருஷம் தள்ளிப்போகும். உன்னோடது போயே போயிடும். இத நான் மொத நாளே யோசிச்சுட்டேன். ஆனா யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லாம, பெரிய மனசு பண்ணிச் சொல்ற மாதிரி சொல்லிட்டேன். நீ போ. ஆனா ஒண்ணு.”

“என்ன?”

“எனக்கு வருத்தமா இருக்கும். மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவேன். நீ வந்து தடவிக் குடுக்கக் கூடாது, மன்னிப்புக் கேக்கக் கூடாது. வருத்தப்பட விடணும்.”

“எத்தன நாளைக்கு?”

“ஒரு மாசம்.”

“ஒரு வாரம் தர்றேன்.”

“பேரம் பேசுறா பாரு, மண்புழு!” என்றான். சிரிப்பு வந்தது, ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது. அதை அவன் ஒட்டுப்போட்டு முழுசாக்கவில்லை. நானும் உதவிக்குப் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை காலநீட்டிப்புப் படிவத்தோடு போனோம். காரணம் என்ற கட்டத்தில் அவன் ‘வருகை குறைவு’ என்று மட்டும் எழுதியிருந்தான். கிரெடிட் அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சண்டை ஏதும் இல்லாம முடிஞ்சுதா?”

“சண்டை போட்டிருந்தா போன செவ்வாக்கிழமையே முடிஞ்சிருக்கும்க்கா” என்றான் அவன். “ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்குடுத்ததுலதான் ஒரு வாரம் வீணாப்போச்சு.”

“எங்க வீட்டுல அந்தப் பிரச்சனையே இல்ல தம்பி” என்று முத்திரையைக் குத்தினார். படிவத்தைக் கொடுக்கும்போது, “அடுத்த வருஷம் மொத வியாழனே வந்துடணும். நான் பேரு சொல்லிக் கூப்பிடுவேன்” என்றார்.

வியாழன் மாலை. சொன்னபடியே அவன் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். நடிப்பில்லை. காப்பகத்திலிருந்து மகளைக் கூட்டிவந்து, ஷூவைக் கழற்றி, கை கழுவிவிட்டு, சோற்றைப் பிசையத் தொடங்கினான். அலமாரிக் கதவு ஒன்று வழக்கத்தைவிடப் பலமாக மூடியது. நான் பையை எடுத்தேன், வைத்தேன், திரும்ப எடுத்தேன்.

“போயிட்டு வர்றேன்.”

“ம்.”

இன்னும் ஒரு வார்த்தை கிடைக்குமா என்று நின்றேன். கிடைக்கவில்லை. அவன் முதுகைப் பார்த்தேன். தோள்கள் கொஞ்சம் தொங்கியிருந்தன. போய்ப் பின்னாலிருந்து கட்டிக்கொள்ள வேண்டும் போல் கை துடித்தது. அப்படிச் செய்தால் அவன் உடனே திரும்பிச் சிரிப்பான். எனக்காகச் சிரிப்பான். நான் லேசான மனதோடு போவேன். அந்தச் சிரிப்பைத்தான் இத்தனை வருடமாக அவனிடமிருந்து வாங்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன்.

கதவை மெல்லச் சாத்திவிட்டுப் படியிறங்கினேன். மூன்றாவது படியில் கால் நின்றது. உள்ளே மகள் ஏதோ கேட்டாள். அவன் பதில் சொன்னான்; உற்சாகமில்லாமல், ஆனால் பொறுமையாக. பிறகு கரண்டிச் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

மனம் கனமாகத்தான் இருந்தது. அவனுடைய வருத்தம் அவனிடமே இருந்தது, என்னுடைய ஆசை என்னிடம் இருந்தது. இரண்டும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. மணி ஐந்து பத்து. மீதிப் படிகளை வேகமாக இறங்கினேன்.