துரை பங்களாவில் இல்லாத பியானோ

யுகேந்திரனுக்கு மனிதர்களைப் பிடிக்காது. பியானோ வைத்திருக்கும் மனிதர்களைச் சுத்தமாகப் பிடிக்காது. இருபத்தாறு வருடமாக அவர்கள் வீட்டுக் கூடங்களில் முதுகு வளைத்து, இருநூற்றுச் சொச்சம் கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சுருதி சேர்த்தவனுக்கு வேறு என்ன தோன்றும்? ஈப்போவில் பியானோ என்பது பட்டமளிப்புப் படங்களை நிறுத்தி வைக்கிற கறுப்பு அலமாரி. ஏர்கோனை அதன் மேலேயே அடிக்கும்படி மாட்டுவார்கள். தண்ணீரோடு பூச்சாடி வைப்பார்கள். பிறகு, "போன வருஷம்தானே டியூன் பண்ணுனீங்க, அதுக்குள்ள எப்படி ஓடிருச்சு?" என்று, சுருதியை அவன் பையில் போட்டுக்கொண்டு போனது மாதிரிக் கேட்பார்கள்.

அந்த வாரத் திங்கட்கிழமை ஒரு வீட்டில், சத்தமே வராத கட்டையைக் கழற்றினால் அடியில் காய்ந்துபோன பல்லி. வீட்டுக்காரர் அதைக் கைப்பேசியில் படம் பிடித்தார். செவ்வாய்க்கிழமை தைப்பிங். அந்த ஊர் மழையில் உள்ளே இருந்த கம்பளித் துண்டுகள் ஊறி, பாதிக் கட்டைகள் அழுத்தினால் எழுந்திருக்கவில்லை. மகளுக்குப் பரீட்சை நெருங்குகிறது என்று ஓர் அம்மா பக்கத்திலேயே நின்றாள்.

"அண்ணே, சவுண்ட கொஞ்சம் ஸ்வீட்டா வெச்சி விடுங்கலா."

"சீனி வீட்டுல இருக்கா?" என்றான் யுகேந்திரன்.

அவள் சிரிக்கவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

புதன்கிழமை திருக்குமரன் கூப்பிட்டான். ஈப்போவில் வழக்கறிஞர், நாற்பது வயதுக்காரன். அவன் தங்கை ஆர்த்திகா பியானோ டீச்சர். அவளிடம் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்கெல்லாம் யுகேந்திரன்தான் சுருதி சேர்ப்பவன். அந்த அறிமுகத்தில்தான் அழைப்பு. சுங்காய்ப் பக்கத்தில் ஒரு பழைய தோட்டத்துத் துரை பங்களாவை வாங்கித் தங்கும் விடுதியாகப் புதுப்பித்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திறப்பு விழா. அங்கே ஒரு பியானோ இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை யுகேந்திரன் போய்ச் சேர்ந்தான். தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து முப்பது வருடம் இருக்கும். தொழிலாளிகள் இருந்த லயங்களை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். பங்களா மட்டும் வெள்ளையடித்துக்கொண்டு குன்றின் மேல் நின்றது. துரை படுத்த அறையில் படுக்க ஆள் கிடைக்கும். லயத்தில் படுக்க யார் வருவார்கள்?

"1908-ல இந்தத் தோட்டத்து மொதல் துரை லண்டன்லேருந்து கப்பல்ல எறக்கினது," என்று திருக்குமரன் பியானோவைத் தட்டினான்.

யுகேந்திரன் முன்பலகையைக் கழற்றினான். உள்ளே இரும்புச் சட்டத்தில் எண் பொறித்திருந்தது. இடதுகோடிக் கட்டையை உருவித் திருப்பினான். சுருதி சேர்ப்பவர்கள் வந்துபோன தேதியைப் பென்சிலால் கிறுக்கி வைக்கும் இடம் அது.

"சார், இது 1964-ல செஞ்சது. நம்பரே சொல்லுது. இங்க பாருங்க, அறுபத்தாறுலேருந்து தொண்ணூத்தொண்ணு வரைக்கும் டியூன் பண்ணவங்க கையெழுத்து. அத்தனையும் தைப்பிங். முதுகுல ஏதோ ஸ்கூல் ஸ்டாக் நம்பர் வேற, பாதி சொரண்டி இருக்கு."

திருக்குமரன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "வித்தவரு 1908-னுதான் சொன்னாரு."

"விக்கிறவரு சொல்லுவாரு சார்."

"கெஸ்ட் யாரு இதெல்லாம் கழட்டிப் பாக்கப்போறாங்க? ஒரு லெட்டர் குடுங்க. 1908, லண்டன்னு. ஃபிரேம் பண்ணி மேல மாட்டிருவோம்."

"லெட்டர் குடுக்க முடியாது. சுருதி சேத்துத் தர்றேன்."

"சரி, லெட்டர் வேணாம். யார்கிட்டயும் வாயத் தொறக்காம இருங்க, அது போதும்."

யுகேந்திரனுக்கு அது சுலபமான காரியமாகத் தெரிந்தது. பேசாமல் இருப்பதற்கு அவனுக்குப் புதிதாகப் பயிற்சி வேண்டியதில்லை. ஏமாறுகிறவன் ஏமாறட்டும், தன் பெயர் எதிலும் இல்லை என்று தலையாட்டிவிட்டு வேலையைத் தொடங்கினான்.

கம்பிகள் எல்லாம் அரைச் சுருதி இறங்கிக் கிடந்தன. ஒரேயடியாக முறுக்கினால் அறுந்துவிடும். முதல் நாள் மொத்தமாக மேலே இழுத்துவிட்டு, மறுநாள் மறுபடி தொடக்கத்திலிருந்து நேர் செய்ய வேண்டும். இசைக்கவையைத் தட்டிக் காதில் வைத்து, ரப்பர் ஆப்புகளைக் கம்பிகளுக்கிடையில் செருகி, பின்களைத் திருகத் தொடங்கினான். ஒரே ஓசையைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தவனை வராந்தாவிலிருந்து ஒருத்தி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பால்வெட்டுக்காரி வேஷம். கைலி, முழுக்கைச் சட்டை, தலையில் முக்காட்டுத் துணி, இடுப்பில் உளி, பக்கத்தில் வாளி. தோட்டத்தில் ரப்பர் மரமே இல்லாததால் எங்கிருந்தோ ஓர் அடிமரத்தைக் கொண்டுவந்து சிமெண்டில் நட்டு, அதில் பால் பிடிக்கும் மங்கு ஒன்றையும் கட்டி வைத்திருந்தார்கள். அந்த மங்கில் பால் சொட்டப்போவதில்லை என்பது விருந்தாளிகளுக்குத் தெரியவா போகிறது? வேஷம் போட்டிருந்தவள் உண்மையிலேயே அந்தத் தோட்டத்தில் பால் வெட்டியவள். பெயர் மாரியம்மா. ரப்பர் போனதும் கையுறை ஃபேக்டரிக்குப் போய், அறுபத்தாறு வயதில் இப்போது தன் வேஷத்தைத் தானே போட வந்திருக்கிறாள்.

"தம்பி, இதக் கேளு," என்று அவள் உள்ளே வந்தாள். "'துரைசானி சாயங்காலமானா பியானோ வாசிப்பாங்க. லயம் வரைக்கும் கேக்கும்.' சரியா இருக்கா? ஞாயித்துக்கெழம இதச் சொல்லணுமாம்."

"நீங்க கேட்டிருக்கீங்களா?"

"இங்க ஏது பியானோ? இந்த எடத்துல பச்சத் துணி விரிச்ச பெரிய மேசதான் கெடந்துச்சு. துரை கம்பால குத்திப் பந்து உருட்டுவாரு. எங்கம்மா கூட்ட வரப்ப நானும் கூட வருவேன்."

"அப்புறம் ஏன்க்கா பொய் சொல்றீங்க?"

"நீ ஏன் அத முறுக்கிக்கிட்டு இருக்க?"

"நான் பொய் சொல்லல. என் வேலையப் பாக்கறேன்."

மாரியம்மா உளியை இடுப்பில் சரிசெய்துகொண்டாள். "நான் கதை குடுக்கறேன், நீ சத்தம் குடுக்கற. ரெண்டு பேரும் ஒரே ஆளுகிட்டதான் பேரு குடுத்து நிக்கிறோம் தம்பி."

அவனுக்குச் சுருக்கென்றது. கூலிக்காகத் தன் பழைய கஷ்டத்தையே வேஷமாகப் போட்டுக் காட்டுகிறவள் தனக்குச் சமமாகப் பேசுகிறாளே என்று கோபம் வந்தது. அடுத்த கம்பிக்குப் போனான். சனிக்கிழமை முழுவதும் அவள் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கார்கள் வந்தன. நாற்பது பேர். புல்வெளியில் கறிபாப்பும் தேநீரும். எல்லாரும் பியானோவோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் மூடியின் மேல் பனிக்கட்டி போட்ட கிளாஸை வைத்தாள். யுகேந்திரன் போய் அதை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தான். கம்பி ஏதாவது இறங்கினால் பார்த்துக்கொள்ள அவனைச் சமையலறைக் கதவோரம் நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

முதலில் திருக்குமரனின் அப்பா ஸ்கந்தராஜா பேசினார். ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி. மடிப்புக் கலையாத பாத்தேக் சட்டை.

"என்ட தகப்பனார் இந்தத் தோட்டத்துல முப்பது வருஷம் பெரிய கிராணி. ஆபீஸ் கணக்கு வழக்கு முழுக்க அவர் கையில. துரைக்கு அடுத்த ஆள் அவர்தான். தொழிலாளிகள் அவரைத் தெய்வமா மதிச்சவங்க. இன்னைக்கு என்ட மகன் அந்தக் காலத்தை எழுப்பி நிறுத்தியிருக்கிறார்."

கைதட்டினார்கள். ஆர்த்திகா உட்கார்ந்து மென்மையான ஒரு பாட்டை வாசித்தாள். தாழ்ந்த பக்கத்துக் கம்பிகள் நின்று பிடித்தன. அவ்வளவு பேருக்கும் நடுவில் அந்தப் பியானோவின் சத்தத்தை உண்மையாகக் கேட்டது அவள் ஒருத்திதான் என்று யுகேந்திரனுக்குத் தோன்றியது. மற்றவர்கள் 1908-ஐக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு திருக்குமரன் மாரியம்மாவைத் தோளைத் தொட்டு நடுவில் கொண்டுவந்து நிறுத்தினான். "இவங்க இந்தத் தோட்டத்துலயே பொறந்தவங்க. இந்தப் பியானோவ அந்தக் காலத்துலயே கேட்டவங்க. சொல்லுங்கம்மா."

மாரியம்மா முக்காட்டுத் துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு அப்ப ஒம்பது வயசு. எங்கப்பா பேரு சன்னாசி. ஒரு நாள் பால் மரத்துத் தீம்பார்லேருந்து சைக்கிள்ல பால் கொண்டு வராரு. எதுத்தாப்புல பெரிய கிராணி ஐயா. அவரப் பாத்தா சைக்கிள விட்டு எறங்கணும். ரெண்டு பக்கமும் வாளி தொங்குது, எறங்குனா பால் கொட்டிரும். எங்கப்பா எறங்கல. இதோ, இந்தப் படிக்கட்டுக்குக் கீழதான் முட்டி போட வெச்சாரு. கொடையாலயே அடிச்சாரு. கொட ஒடிஞ்சி போச்சி. அப்புறம் அந்தக் கொடக் கம்பியால."

யாரோ ஒருவர் கிளாஸைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப துரைசானி இதே பியானோவ வாசிச்சிக்கிட்டு இருந்தாங்க. அடி சத்தம் கேட்டு நிறுத்துனாங்க. நிறுத்தினதும் எங்கப்பா தலையத் தூக்கிப் பாத்தாரு. வெளிய வருவாங்கன்னு நெனச்சாரு. அவங்க ஜன்னலச் சாத்திட்டு, முன்னவிட சத்தமா வாசிச்சாங்க. நல்ல சத்தம். லயம் வரைக்கும் கேட்டுச்சு."

சொல்ல வேண்டியது முடிந்ததுபோல அவள் நகர்ந்துகொண்டாள். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி பழக்கதோஷத்தில் கைதட்டத் தொடங்கி, பக்கத்து முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டது. பெரிய கிராணி யாருடைய தகப்பனார் என்று பத்து நிமிடத்துக்கு முன்புதான் எல்லாரும் கேட்டிருந்தார்கள். ஸ்கந்தராஜா தன் தட்டிலிருந்த கறிபாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே பியானோவே இருந்ததில்லை என்று திருக்குமரன் சொல்ல முடியாது. இன்னும் இரண்டு பாட்டு வாசிக்க வேண்டிய ஆர்த்திகா எழுந்து பியானோவை மூடிவிட்டுப் புல்வெளிக்குப் போய்விட்டாள்.

பின்பக்கம் தண்ணீர்க் குழாயடியில் மாரியம்மா கால் கழுவிக்கொண்டிருந்தாள். யுகேந்திரன் போய் நின்றான்.

"அக்கா, அடிச்சது நெசமா?"

"அடிச்சது நெசம். கொட ஒடிஞ்சது நெசம். பியானோ மட்டும் அந்த வக்கீல் பையன் குடுத்தது."

"துரைசானி?"

"அவங்க சீமைக்குப் போயிருந்தாங்க. உள்ள துரை மட்டுந்தான். பந்து உருட்டற சத்தம் டக்கு டக்குன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ஒரு தடவகூட நிக்கல தம்பி."

"அதையே சொல்லியிருக்கலாமே?"

"பந்து மேச எங்க இருக்கு இப்ப? நான் சொன்னா யாரு கேப்பா? கண்ணு முன்னால இருக்கறத வெச்சிச் சொன்னாத்தான் ஏறும்."

யுகேந்திரன் வண்டியை எடுத்துவந்தான். அவளைச் சுங்காய் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டான். இறங்கும்போது அவள் நன்றி சொல்லவில்லை. கைப்பேசி எண்ணைக் கொடுத்து, எங்கேயாவது துப்புரவு வேலை இருந்தால் சொல்லச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை திருக்குமரன் மறுபடி கூப்பிட்டான். மாரியம்மா பேசியதை யாரோ வீடியோ எடுத்து வாட்சப்பில் அனுப்பிவிட்டார்கள். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போய்விட்டது. அப்பா வெளியே வருவதில்லை.

"நீங்க அன்னைக்குச் சொன்னீங்கல்ல, 1964, தைப்பிங், ஸ்கூல் நம்பர்னு. அத அப்படியே லெட்டரா எழுதிக் குடுங்க. அந்தப் பொம்பள சொன்னப்ப இந்தப் பியானோ இங்க இல்லவே இல்லன்னு ஆவணும். உண்மையத்தானே கேக்கறேன்?"

"உண்மைதான் சார். எழுதறேன்."

யுகேந்திரன் அன்று மத்தியானம் ஒரு வீட்டு வேலையைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்து எழுதினான். பியானோ 1964-ல் செய்தது, 1991 வரை தைப்பிங்கில் இருந்தது. இதை வெள்ளிக்கிழமையே உரிமையாளரிடம் சொன்னேன். அவர் 1908 என்று கடிதம் கேட்டார். மறுத்தபோது வாயைத் திறக்காதே என்றார். திறக்காமல் இருந்தது என் தப்பு. பங்களாவில் அப்போது இருந்தது பந்து மேசை. தொழிலாளி சன்னாசியைப் பெரிய கிராணி படிக்கட்டின் கீழ் குடையால் அடித்ததும், துரை உள்ளே ஆடிக்கொண்டிருந்ததும் உண்மை என்று நேரில் பார்த்த மகள் என்னிடம் சொன்னாள். கீழே கையெழுத்தும் தேதியும் போட்டு, திருக்குமரனின் ஆபீஸில் அவன் கையிலேயே கொடுத்தான்.

திருக்குமரன் இரண்டு தடவை படித்தான். "இத எப்படி நான் வெளிய காட்டறது?"

"பியானோ பத்தின பத்திய மட்டும் வெட்டிக் காட்டாதீங்க சார். முழு நகல் என்கிட்ட இருக்கு."

"இனிமே எங்க ஆளுங்க வீட்டுப் பக்கமே நீங்க வர முடியாது. தெரியுமில்ல?"

தெரிந்தது. அந்த மாதமே பதினோரு வீடுகள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டன. அந்தப் பதினோரு பியானோக்களையும் அவன் நினைத்துப் பார்த்தான். ஏர்கோன் எட்டு, பூச்சாடி ஐந்து. பெரிய துக்கம் ஒன்றும் வரவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தலையாட்டியது மட்டும் சும்மா இருக்கும்போதெல்லாம் வந்து உறுத்தியது. இத்தனை வருடம் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அந்த இடத்தில் உதவவில்லை.

ஆறு வாரம் கழித்து, பாரிட் புந்தாரில் ஓர் அரிசிக் கடை மாடியில் வேலை. பியானோவுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. முழங்கை வரை உமியும் கிழிந்த கம்பளியுமாக இருந்தபோது ஆர்த்திகாவிடமிருந்து அழைப்பு வந்தது.

"அண்ணே, அந்த லெட்டரப் படிச்சேன். அண்ணன் மேசையில இருந்துச்சு. அந்த அம்மா வீடு எங்க இருக்கு? போய்ப் பாக்கணும்."

"எதுக்கு?"

"தெரியல. என்ன பேசறதுன்னு தெரியல. போகாம இருக்க முடியல."

கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு மாரியம்மாவைக் கூப்பிட்டான். விஷயத்தைக் கேட்டதும் அவள் பெருமூச்சு விட்டாள்.

"கிராணி ஐயா பேத்தியா? வரட்டும். அழுது கிழுது வெக்கக் கூடாதுன்னு சொல்லிரு. புதன்கிழம வேணாம், அன்னைக்கு எனக்கு கிளினிக்."

அதை அப்படியே ஆர்த்திகாவுக்கு அனுப்பிவிட்டு யுகேந்திரன் எலிக்கூட்டை அள்ளிக் குப்பைப் பையில் போட்டான். மத்தியானத்துக்குள் முடிந்துவிடுமா, மேலே சாமி படம் வைக்க வேண்டும் என்று கடைக்காரர் படியில் நின்று கேட்டார்.