ஃபேன் முதலில், விளக்கு இரண்டாவது

அணுபுரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் கூடுவாஞ்சேரி ஃபிளாட்டுக்கு வந்த பிறகு, தினமும் மாலை ஐந்து மணிக்கு என் மனைவி ஜெபா ஒரு துணிப்பையில் துண்டையும் பைபிளையும் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள்.

"கெளம்புங்க. நம்ம வூட்டுக்குப் போவலாம்."

"இதான் நம்ம வூடு, ஜெபா."

"இன்னா வெளாட்றீங்களா? வந்த எடத்துல எவ்ளோ நேரம் குந்தினு இருக்கிறது? அவங்க இன்னா நெனைப்பாங்க?"

இரண்டு வருடமாக அவளுக்கு மறதி நோய். நான் அணுமின் நிலையத்தின் மின்பிரிவில் முப்பத்துமூன்று வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. நோய் குணமாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அவங்களோட வாதாடாதீங்க. புது வீட்டைப் பழைய வீடு மாதிரி ஆக்கப் பாருங்க" என்றார். அவள் பையை எடுக்காத ஒரு மாலை கிடைத்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

புது வீட்டில் முதலில் தடுமாறுவது கண் அல்ல, கை. அறைக்குள் நுழைந்ததும் நாம் யோசிப்பதற்கு முன்பே கை சுவிட்சுக்குப் போய்விடும். குவார்ட்டர்ஸில் முதல் சுவிட்ச் ஃபேனுக்கு, இரண்டாவது விளக்குக்கு. இங்கே தலைகீழ். ஃபேன் போடப் போய் விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும் ஜெபா சுவரை விட்டுப் பின்வாங்குவாள். அடுத்தவர் வீட்டில் எதையோ தொட்டுவிட்ட முகம்.

இதைச் சரிசெய்வது மிகவும் எளிது. மெயினை அணைத்துவிட்டுப் பலகையைக் கழற்றினால், மின்சாரம் வரும் ஒயர் ஒன்று எல்லாச் சுவிட்சுகளையும் தொட்டுக்கொண்டு போவது தெரியும். அதைத் தொட வேண்டாம். ஒவ்வொரு சுவிட்சின் மறுமுனையிலிருந்தும் தனி ஒயர் ஒன்று கிளம்பும். ஒன்று ஃபேனுக்கு, ஒன்று விளக்குக்கு. அந்த இரண்டை மட்டும் இடம் மாற்றினால் போதும். பத்து நிமிட வேலை.

அடுத்தது கட்டில். குவார்ட்டர்ஸில் எழுந்ததும் வலப்பக்கம் ஐந்து எட்டில் குளியலறை, இங்கே இடப்பக்கம். தலைமாட்டைக் கால்மாடாக்கித் திருப்பிப் போட்டதும் குளியலறை வலப்பக்கம் வந்துவிட்டது. பிறகு தரை. புது டைல்ஸில் ஜன்னல் வெளிச்சம் பளபளக்கும்போது நோயாளியின் கண்ணுக்குத் தண்ணீர் தேங்கியிருப்பது போலத் தெரியும். அதனால்தான் அவள் ஹாலில் புடவையைத் தூக்கிப் பிடித்து நடந்தாள். வழி நெடுகக் கோரைப்பாய் விரித்தேன். தூக்குவது நின்றது.

அவசரத்துக்கு இருக்கட்டும் என்று எங்கள் மாற்றுச் சாவியை வாங்கிவைக்க வந்த கீழ்வீட்டு விஜயகுமாரி சிரித்தாள். "அண்ணாத்த, வூட்டப் பிரிச்சி மேஞ்சினு கீறீங்களே. பில்டரு பாத்தா அழுதுடுவாரு!"

வேலையைத் தொடங்கிய நாற்பத்தோராம் நாள் மாலை ஐந்து மணிக்கு ஜெபா பையை எடுக்கவில்லை. தானாகச் சமையலறைக்குப் போய் டீ போட்டாள். முதல் சுவிட்சைத் தட்டி ஃபேனைப் போட்டாள். ஸ்டூல் மேல் நின்று கடிகாரம் மாட்டிக்கொண்டிருந்த நான் மனத்துக்குள் ஸ்தோத்திரம் சொன்னேன். அவள் ஒரு கிளாஸை என்னிடம் நீட்டினாள்.

"குடிங்கண்ணே. காலைலேர்ந்து வேலை செஞ்சினு கீறீங்க."

"ஜெபா, நான் தாவீது."

"ஐய, எங்க வூட்டுக்காரர் பேரும் அதான்!" என்று சிரித்தாள். "அஞ்சரை பஸ்ல வருவாரு."

இதற்கும் காரணம் உண்டு. குவார்ட்டர்ஸில் பகல் நேரத்தில் நான் வீட்டில் இருந்ததே இல்லை. புகார் எழுதிப் போட்டால் மெயின்டனன்ஸ் ஆள்தான் ஸ்க்ரூடிரைவரோடு வருவார். நாற்பது நாளாக நான் இந்த வீட்டில் ஸ்க்ரூடிரைவரோடுதான் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அதன்பின் அவள் என்னை 'ஏங்க' என்று கூப்பிடவே இல்லை. நான் சோறு போட்டால் "உங்களுக்கு எதுக்குண்ணே சிரமம்" என்பாள்.

"ஒயரைத் திரும்ப மாத்தி வுட்ருங்க அண்ணாத்த," என்றாள் விஜயகுமாரி. "வூடு தெரியலன்னா உங்களைத் தேடுவாங்க இல்ல?"

தேடுவாள்தான். பையோடு வாசலில் நின்று அழவும் செய்வாள். நான் மாற்றவில்லை.

வேறொன்று தோன்றியது. அந்த வீட்டில் இப்போது குறைவது ஒரே ஒரு ஆள், ஐந்தரை பஸ்ஸில் வருகிற ஆள். அதையும் பொருத்திவிட்டால்? வேலைக்குப் போட்டுப்போன பழைய நீலச் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்தேன். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டேன். விஜயகுமாரியை ஜெபாவோடு உட்காரச் சொல்லிவிட்டு மாடிப்படியில் காத்திருந்தேன். ஐந்தரைக்கு விஜயகுமாரி இறங்கிப் போனதும் மணி அடித்தேன்.

ஜெபா கதவைத் திறந்தாள். தலை வாரி, முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தாள். என் தோளுக்கு மேலாகப் படிக்கட்டைப் பார்த்தாள்.

"பஸ் வந்துட்ச்சாண்ணே?"

"வந்துட்ச்சு."

"அவரு எறங்கலியா?"

கண்ணாடியைக் கழற்றி முகத்தைக் காட்டினேன். பொறுமையாகத்தான் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், என் நரைத்த தலையைப் பார்த்தாள். வீட்டை நான் எந்த வருடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோனேனோ, அந்த வருடத்தில் எனக்குத் தலை கறுப்பு. அதற்கு என் கையில் கருவி எதுவும் இல்லை.

"சொல்லுங்கண்ணே, இன்னா வேணும்?"

"ரிப்பேர் ஏதாச்சும் கீதான்னு பாக்க வந்தேம்மா."

அவள் திரும்பி ஹாலை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லண்ணே. எங்க வூட்ல எல்லாம் நல்லா கீது."

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்கவில்லை. அவர் வருவதற்காக விட்டுவைத்திருந்தாள்.