மடி மாறிய பிள்ளை

பதினேழாம் நம்பர் டவுன் பஸ்ஸில் நிற்கிறவர்கள் கைப்பிள்ளை வைத்திருக்கக் கூடாது. உட்கார்ந்திருக்கிறவர் மடியில் கொடுத்துவிட வேண்டும். ஊர் வழக்கம்தான், இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது?

செண்பகவல்லியும் ஏழு மாதப் பூரணியை முன்சீட்டு அம்மாளிடம் கொடுத்தாள். நாலாவது நிறுத்தம் ஆஸ்பத்திரி. அங்கே பிள்ளையை வாங்கிக்கொண்டு இறங்கி, ஊசி போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முன்சீட்டு அம்மாள் முதல் நிறுத்தத்திலேயே எழுந்தாள். போகிற போக்கில் பிள்ளையைப் பின்சீட்டில் கொடுத்துவிட்டாள்.

"எக்கா, எம் பிள்ளையக் குடுங்க!"

"பின்னால போயிட்டும்மா. நல்ல எடத்துலதான் இருக்கு."

செண்பகவல்லி இடித்துப் பிடித்து ஓரடி நகர்ந்தாள். பஸ் இரண்டு சீட்டு நீண்டது.

"உள்ள போங்க, உள்ள போங்க! நடுவுல பந்தி போடலாம், அம்புட்டு எடம் கெடக்கு!" என்றார் கண்டக்டர். அந்த இடத்தைக் கண்டக்டர்கள் தவிர இன்றுவரை ஒருவரும் பார்த்ததில்லை.

பின்னாலிருந்து தகவல்கள் வாய் மாறி வந்தன.

"பல்லு மொளைச்சிருச்சாம்!"

"நடக்காளாம்!"

"ஒம்பதாங் கிளாஸுல மொத மார்க்காம்!"

நின்றவர்கள் எல்லாரும் செண்பகவல்லியைப் பாராட்டினார்கள். கொடுத்து வைத்தவள் என்றார்கள். அவளுக்கோ பால் கட்டிக்கொண்டு மார் வலித்தது, பிறகு வற்றிவிட்டது. பாவம், கண்ணைத் துடைக்கக்கூடக் கம்பியை விட முடியாத கூட்டம்.

"என்னையத் தேடுதாளான்னு கேட்டுச் சொல்லுங்கய்யா."

கேள்வி பின்னால் போனது. மூன்றாவது நிறுத்தம் தாண்டித்தான் பதில் வந்தது.

"மடியில வச்சிருந்தவங்க எல்லாரையும் அம்மான்னுதான் கூப்பிடுதாளாம். ஒரு கொறையும் இல்லையாம்."

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் பஸ் நின்றபோது செண்பகவல்லி கடைசி சீட்டை எட்டிவிட்டாள். சன்னலோரம் முப்பது வயதில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மூக்கு அச்சாகச் செண்பகவல்லியின் மூக்கு.

"பூரணி!"

அவள் நிமிர்ந்தாள். எதிரே தலை நரைத்த கிழவி ஒருத்தி கம்பியைப் பிடித்துத் தள்ளாடிக்கொண்டு நின்றாள். பார்க்க மனசு கேட்காமல் சட்டென்று எழுந்தாள்.

"ஒக்காருங்க ஆச்சி. நான் எறங்கப் போறேன்."

"நாந்தாம்மா ஒன் அம்மா!"

"இருக்கட்டும் ஆச்சி," என்று சிரித்தாள். "இந்த பஸ்ஸுல எனக்கு நெறைய அம்மா."

இறங்கிப் போய்விட்டாள். விசில் ஊதியது.

செண்பகவல்லிக்குக் கால் கடுத்தது. காலி சீட்டைக் குறிவைத்து இரண்டு பேர் நெருங்கிக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்துவிட்டாள்.