ஈரல் உருகும் வரை

வீரப்பன் இறந்து நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. மங்களம் இன்னும் அடுப்பை அணைக்கவில்லை.

பெரிய சட்டியில் தண்ணீர் கொதித்தது. அதற்குள் வைத்த தகர டின்னில் சுறா ஈரல் மெதுவாக உருகிக்கொண்டிருந்தது. நேராகத் தீயில் வைத்தால் எண்ணெய் கறுத்துவிடும், மருந்தின் பலமும் போய்விடும். ஒரு விறகை வெளியே இழுத்துவிட்டு உள்ளே போனாள்.

வீரப்பன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவள்தான் அப்படித் திருப்பி வைத்திருந்தாள். கழுத்து வரை போர்வை. தாடையைக் கட்டவில்லை. கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டவில்லை. தலைமாட்டில் விளக்கு இல்லை. இவற்றில் எதைச் செய்தாலும் பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவன் தாடையைக் கையால் மேலே அழுத்திப் பிடித்தாள். முன்பு பிடித்ததைவிட இறுகியிருந்தது. பாதி மூடிய வாய் அதற்கு மேல் மூடவில்லை. அவள் விரல்களின் ஈரல் வாடை அவன் முகத்தில் படிந்தது. டின் தளும்பும் சத்தம் கேட்டு எழுந்தாள்.

விடிவதற்கு முன் அவன் கொட்டகையிலிருந்து வாளியோடு வந்தான். உம்பாய் ஊர் மீன் கொட்டகையின் சீன முதலாளி தவுக்கே, சுறாவின் துடுப்பையும் சதையையும் எடுத்துக்கொண்டு, ஈரலையும் குடலையும் கடலில் கொட்டச் சொல்வார். வீரப்பன் ஈரலை மட்டும் கேட்டு வாங்கி வருவான். எண்ணெய் எடுக்க ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் கற்றுக்கொண்டிருந்தான். மலாக்காவின் ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் மாலைக்கண் வந்த பிள்ளைகளுக்கு அது போய்க்கொண்டிருந்தது.

இன்று வாளியை வைத்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தான்.

"வெயில் ஏறுறதுக்குள்ள உருக்கிடு. தோட்டத்துலேர்ந்து பாக்கியம் புள்ளைய தூக்கிட்டு வருது."

அவள் தண்ணீர் கொண்டுவந்தபோது அவன் மூச்சு நின்றிருந்தது.

கத்தத்தான் வாயைத் திறந்தாள். வாளி கண்ணில் பட்டது. கத்தினால் கூட்டம் வரும். சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று முதலில் அதைத்தான் அணைப்பார்கள். ஈரல் நாளை வரை தாங்காது. எப்படியோ உருக்கினாலும், சாவு வீட்டு எண்ணெயை எந்தத் தாய் பிள்ளை வாயில் ஊற்றுவாள்? போன வருடம் தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரு கிழவர் செத்த வீட்டில் வைத்திருந்த எண்ணெய்ப் புட்டிகளைத் தீட்டு என்று சாக்கடையில் கொட்டிவிட்டார்கள். அன்றைக்கு வீரப்பன் சாப்பிடாமல் படுத்தான்.

"மங்களம்!" வேலிக்கு அந்தப் பக்கம் ஹாஜரா நின்றிருந்தாள். மளிகைக் கடைக்காரர் ஷம்சுதீனின் மனைவி. முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். "என்னா லா இது, கம்போங் முழுக்க நாறுது! எங்க வீட்டு ஆளு பசியாறாமலேயே கடைக்கு ஓடிட்டாரு."

"இன்னும் கொஞ்ச நேரந்தான் அக்கா."

"தம்பி எங்க?"

"தூங்குறாரு."

"பகல்ல தூங்குற ஆளா அவரு? எழுப்பிடாத லா. எழுந்தா எனக்கும் ஒரு கரண்டி ஊத்திட்டுத்தான் விடுவாரு."

மங்களம் சிரித்தாள். சிரிக்க முடிந்தது அவளுக்கே பயமாக இருந்தது.

பாக்கியலட்சுமி வந்தபோது எண்ணெய் மேலே மஞ்சளாகத் தெளிந்திருந்தது. இடுப்பில் நாலு வயது ஜெயா. குழந்தையின் வெள்ளை விழி பளபளப்பில்லாமல், காய்ந்த மீன் செதில் போல இருந்தது.

"பொழுது சாஞ்சா சுவத்த தடவிக்கிட்டே நடக்குது அண்ணி. நேத்து எம் மூஞ்சியத் தடவிப் பாத்துட்டு, 'அம்மாவா?'ன்னு கேக்குது."

"தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ஒண்ணும் குடுக்கலையா?"

"மருந்து லோரி வந்தே மூணு மாசமாச்சாம். கேக்கப் போனா நம்ம மேலயே பாயிறாரு."

மங்களம் எண்ணெயை அகப்பையால் மேலாக மொண்டு, துணியில் வடிகட்டிப் பழுப்புப் புட்டியில் ஊற்றினாள். இரண்டு சொட்டு வெளியே விழுந்தது.

"சீக்கிரம் அண்ணி. ஒரு மணி பஸ்ஸ விட்டா செத்தேன். ஆறு மணிக்கு போலீஸ்காரனுங்க தோட்டத்து வேலிக் கதவச் சாத்திடுவானுங்க. போன வாரம் ஒருத்தி தேங்காண்ணெய் கொண்டு வந்தா, காட்டுல பதுங்கியிருக்குற கம்யூனிஸ்டுக்காரங்களுக்குப் போவுதுன்னு புடுங்கிட்டானுங்க. இத நான் மடியிலயே வச்சுக்கிறேன். கேட்டா, புள்ளைக்கு மருந்துன்னு அவனுங்க முன்னாடியே ஊத்திக் காட்டுறேன்."

மங்களம் புட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு, ஆறிய எண்ணெயை ஒரு கரண்டியில் எடுத்துக் குழந்தைக்கு ஊட்டினாள். ஜெயா முகத்தைச் சுளித்து விழுங்கியது.

"மீனு," என்றது.

"ஆமாண்டி, மீனுதான்," என்று அதன் வாயைத் துடைத்தாள் பாக்கியலட்சுமி. "அண்ணன் உள்ளதான இருக்காரு? புள்ள கால்ல விழட்டும்."

"வேணாம் பாக்கியம். ராத்திரி பூரா கொட்டகையில நின்னாரு. தூங்கட்டும்."

அதற்குள் அவள் குழந்தையோடு அறை வாசலுக்குப் போயிருந்தாள்.

மங்களம் பின்னால் நின்றாள். வீரப்பனின் காதோரம் ஒரு ஈ நடந்தது. கன்னத்தில் ஏறியது. கண்ணருகே போய் நின்றது. கன்னம் அசையவில்லை.

பாக்கியலட்சுமி குழந்தையின் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். பிறகு கையிலிருந்த புட்டியைப் பார்த்தாள். அதைக் கீழே வைப்பாளா என்று மங்களம் அந்தக் கையையே பார்த்தபடி நின்றாள். வெளியே கொதிதண்ணீரில் டின் சட்டியின் விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தது.

"தெனம் எவ்வளவு அண்ணி குடுக்கணும்?" குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"அரைக் கரண்டி. சோறு தின்னதுக்கப்புறம். வெளிச்சம் படாம வையி."

"சரி."

புட்டியை மடியில் சொருகி முந்தானையை இழுத்து மூடினாள். மங்களத்தின் மணிக்கட்டை ஒருமுறை பிடித்து அழுத்தினாள். படியிறங்கி நடந்தாள்.

சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் போய் வருகிறேன் என்று சொல்வதில்லை. பாக்கியலட்சுமி எப்போதும் மூன்று முறை சொல்லிக்கொண்டு போகிறவள். இன்று ஒன்றும் சொல்லவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. தோளுக்கு மேல் குழந்தைதான் கையை ஆட்டியது.

ஒரு மணி பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மங்களம் விறகுகளை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். சாம்பல் புகைந்து அடங்கியது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். வேலியைச் சுற்றி ஹாஜராவின் பின்வாசலுக்குப் போனாள்.

ஹாஜரா தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எண்ணெய் ஆச்சா?"

"ஆச்சு அக்கா."

"அப்பாடா. தம்பி இன்னுமா எழுந்திரிக்கல?"

மங்களம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கிளம்பிய பஸ்ஸின் சத்தம் மலாக்கா சாலையில் முழுவதும் தேயும் வரை நின்றாள்.

"அவரு விடியறப்பவே செத்துட்டாரு அக்கா."