கருகிய ஓரங்கள்

ஓர் இலையைப் பார்த்தால் போதும், மரத்துக்கு என்ன குறை என்று குட்ரூன் சொல்லிவிடுவாள். கொழுந்து வெளுத்தால் இரும்பு. அடியிலை நரம்புகளுக்கு நடுவே மஞ்சளானால் மக்னீசியம். ஃபூன் தீவின் அந்தத் தெருவில் யார் வீட்டு ஆப்பிள் மரம் வாடினாலும், ஓர் இலையைப் பறித்து வந்து அவள் வாசலில் கல்லுக்கடியில் வைத்துவிட்டுப் போவார்கள். கணவன் எய்னருக்கு இதில் ஒரு மண்ணும் தெரியாது. ஒருமுறை காய்க்கிற கிளையாகப் பார்த்து வெட்டித் தள்ளியவன். அன்றிலிருந்து மரத்துப் பக்கம் அவனை அவள் விடுவதில்லை.

ஜூனில் அவர்கள் வீட்டு மரத்திலேயே அடியிலைகள் மஞ்சளாயின. குட்ரூன் சொல்லி, எய்னர் போய் மக்னீசியம் கலந்த எப்சம் உப்பு மூட்டை ஒன்றை வாங்கி வந்தான்.

"ஒரு பிடியைக் கரைச்சு ஊத்தினாப் போதும். நீ என்னடான்னா பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும் வாங்கிட்டு வந்திருக்க" என்று சிரித்தாள் குட்ரூன்.

ஆகஸ்டில் மஞ்சள் போய், இலைகளின் ஓரமெல்லாம் தீய்ந்தது. வெயிலாக இருக்கும் என்று எய்னர் நினைத்தான். குழாயை எடுக்கக் கொட்டகைக்குள் போனவன் அந்த மூட்டையைப் பார்த்தான். அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

மறுநாள் காலை சமையலறை ஜன்னலில் நின்றான். குட்ரூன் பூவாளியோடு மரத்தடிக்குப் போனாள், ஊற்றினாள், வந்தாள். காபி குடித்தாள். மறுபடியும் பூவாளியை எடுத்தாள். எய்னர் வெளியே ஓடினான்.

"இப்பத்தானே ஊத்தின, குட்ரூன்?"

"நானா? இந்த வருஷம் இன்னும் ஊத்தவே இல்லையே."

கிண்டல் செய்கிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தான். இல்லை. அவள் விரல் இடுக்கெல்லாம் உப்பு வெள்ளையாக அப்பியிருந்தது. அவள் சாவியைத் தொலைத்ததையும், பக்கத்து வீட்டுக்காரி பெயர் மறந்ததையும் வயசு என்று சொல்லித் தள்ளிவிட்டது நினைவுக்கு வந்தது. தன்மேலேயே அவனுக்கு ஆத்திரமாக வந்தது.

அதற்குள் குட்ரூன் ஓர் இலையைப் பறித்து, வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அந்தக் கண் மட்டும் துளியும் மாறவில்லை.

"இது வெயில் இல்ல. யாரோ உப்பை அள்ளி அள்ளிக் கொட்டியிருக்காங்க. வேரே வெந்திருக்கும். எந்தப் படுபாவி செஞ்ச வேலை இது?"

எய்னர் அவள் கையிலிருந்து பூவாளியை வாங்கிக்கொண்டான்.

"நான்தான்" என்றான்.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன், மரத்துப் பக்கம் வராதேன்னு? இனிமே நானே பாத்துக்கறேன், நீ தள்ளு."

"சரி" என்றான். பூவாளியை மட்டும் கொடுக்கவில்லை.