வாய்க்கட்டு

குப்பம்மாவின் எச்சில் கன்னத்தில் தெறித்தபோது வேம்புலிக்குக் குமட்டியது. முகத்தைத் திருப்பவில்லை. திருப்பினால் பாடம் நின்றுவிடும்.

"ஹொல்லுடி," என்றாள் குப்பம்மா. 'சொல்லு' என்பதைத்தான் அப்படிச் சொன்னாள். முன்பல் ஒன்றுகூட இல்லாத வாயில் முதலில் காற்று வரும், பின்னாலேயே எச்சில், கடைசியில்தான் சொல். வேம்புலியைவிட ஐந்தாறு வயது மூத்தவள், அவ்வளவுதான். வாயை மூடினால் கிழவியின் முகவாய்.

போன வருஷம் செங்கல்வராயனின் எருமை நுரைதள்ளிச் செத்தது. குப்பம்மாதான் மந்திரம் ஏவிவிட்டாள் என்றது தெரு. பிள்ளைக்கு வயிறு உப்பினால் மந்திரிக்க அவளிடம் ஓடிய அதே தெரு. இனி வானகரத்தில் மந்திரம் என்று எவள் வாயைத் திறந்தாலும் பல் இருக்காது என்று ஊர் கூடி முடிவு செய்தார்கள். பல் போனால் உச்சரிப்பு போகும், உச்சரிப்பு போனால் மந்திரம் பலிக்காது. பூந்தமல்லியில் லாரி மெக்கானிக்காக இருந்த செங்கல்வராயன்தான் கட்டிங் பிளேயர் கொண்டுவந்தான்.

அவன் வேம்புலிக்குத் தாய்மாமன். வருகிற வெள்ளிக்கிழமை அவனுக்கும் அவளுக்கும் பரிசம்.

அவன் வந்தால் வீட்டில் கறி. நல்லி எலும்பை உறிஞ்சிக்கொண்டே அந்தக் கதையைச் சொல்லுவான். "மத்ததெல்லாம் சோளம் உதிர்ற மாரி வந்திச்சி மாமே. ஒண்ணே ஒண்ணு மட்டும் நான் வரமாட்டேன்னு மல்லுக்கட்டிச்சி." நைனா துலுக்கானம் புரையேறச் சிரிப்பார். வேம்புலி அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். நெய் வழியும் விரல்கள். கல்யாணமானால் அவை தன் உதட்டைத் தொடும் என்ற நினைப்பு வந்ததும் உதட்டை உள்ளே மடித்துக்கொள்வாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள்.

"தாய்மாமன் கீறப்போ வெளியிலேர்ந்து எவன்டி வருவான்?" என்றாள் அம்மா. பேச்சு அத்தோடு முடிந்தது.

அதனால்தான் துணி துவைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மத்தியானங்களில் குப்பம்மா வீட்டின் பின்பக்கம் வந்து உட்கார்ந்தாள். அவள் கேட்டது வாய்க்கட்டு. ஒருவன் வாயைப் பேசவிடாமல் கட்டும் மந்திரம். பரிசத்தில் தட்டை வாங்குகிறவர் 'பொண்ணு எங்களுது, பணம் உங்களுது' என்று மூன்று தடவை சொன்னால்தான் பெண் அவர்களுடையது. செங்கல்வராயனுக்குப் பெற்றவர்கள் இல்லை. அவனேதான் சொல்ல வேண்டும். சொல்ல முடியாமல் போனால்?

"நாக்க இங்க வையி." குப்பம்மா விரலை அவள் வாய்க்குள்ளேயே விட்டு நாக்கை அழுத்திக் காட்டினாள். கருவாட்டு வாசனை. வேம்புலிக்குக் கண்ணில் நீர் கட்டியது. இவள் வாயில் உடைந்த சொல்லைத் தன் வாயில் எப்படி ஒட்டவைப்பது? இது 'த'வா, 'ச'வா? கேட்டால் குப்பம்மா இரண்டுக்கும் தலையாட்டினாள்.

"யக்கா, இது பலிக்குமா?"

"எனுக்குப் பலிச்சிருந்தா அவன் கையி வெளங்கியிருக்குமாடி?" என்று சொல்லிவிட்டுக் குப்பம்மா சிரித்தாள். ஈறு மட்டும் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை கூடம் நிறைய ஆட்கள். பட்டுப்புடவைக்குள் வேர்வை ஊற, வேம்புலி தலையைக் குனிந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நைனா தட்டை நீட்டி, "பணம் எங்களுது, பொண்ணு உங்களுது," என்றார்.

"பொண்ணு எங்களுது, பணம் உங்களுது." வெற்றிலை குதப்பிய வாயிலிருந்து தடங்கலே இல்லாமல் வந்தது.

அவள் வேகத்தைக் கூட்டினாள். இரண்டாவது தடவையும் அவன் சொன்னான், முதல் தடவையைவிடத் தெளிவாக. உடைந்த சொல்லைத்தான் கற்றிருக்கிறோமோ, அல்லது சொல்லில் ஒன்றுமே இல்லையோ.

செங்கல்வராயன் அவளைப் பார்த்தான். "இன்னாமே, ஒதடு ஆடிகினே கீது?"

"சாமிய வேண்டிக்கினு கீது," என்றாள் அம்மா அவசரமாக.

வேம்புலி நிமிர்ந்தாள். அவன் உதட்டோரத்தில் சிவப்பு எச்சில் நூலாகத் தொங்கியது. ஆமாம் என்று தலையாட்டினால் போதும். ஆயுசு முழுக்க அந்த வாய்.

"இல்ல மாமா. வாய்க்கட்டு. ஒனுக்குத்தான்."

யாரோ சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். அவள் மந்திரத்தைத் தொடக்கத்திலிருந்து எல்லோர் காதிலும் விழும்படி சொல்லத் தொடங்கினாள். 'த' வந்த இடத்தில் 'த', 'ச' வந்த இடத்தில் 'ச', தெரியாத இடத்தில் வாயில் வந்தது.

செங்கல்வராயன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். வெற்றிலைச் சாறு விரலிடுக்கில் வழிந்து வெள்ளை வேட்டியில் சொட்டியது. தட்டு நைனா கையிலேயே இருந்தது. பெண்கள் புடவையை இழுத்துச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தார்கள். ஒருத்தி வாசலுக்குப் போய்க் காறித் துப்பினாள். அம்மா பார்த்த பார்வை, அழுகிய பழத்தைத் தெரியாமல் மிதித்தவளின் பார்வை.

தெருவுக்குப் போன பிறகுதான் அவன் வாயிலிருந்து கையை எடுத்தான். "எவனாவது போயி அவ பல்லப் புடுங்குங்கடா. எருமை செத்த மாரி நானும் சாவணுமா?"

"நீதான புடுங்குறவன் மாமே, நீ போ," என்றது ஒரு குரல்.

பிடுங்க வேண்டுமென்றால் மந்திரம் சொல்கிற வாய்க்குக் கிட்டே வர வேண்டும். வாய்க்குள் கை விட வேண்டும். வேம்புலி வாசற்படியில் வந்து உட்கார்ந்து, அவன் முகத்தைப் பார்த்தபடி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.